கம்பத்திலை ஏறாதை, மருமோனே

உனக்குக் கவுன்சிலுக்கு நிக்க இடம் குடுத்திட்டாங்களெண்டு கொம்மா போன் எடுத்துச் சொன்னவ. எந்தக் கட்சியெண்டும் சொன்னவ, எனக்குத்தான் ஞாபகம் நிக்கேல்லை. பறவாயில்லை, நான் சொல்லப் போற விசயத்திலை எல்லாக் கட்சியும் ஒரே கட்சிதான்.

குப்பை வாளி, பார்க்கிங், குழி விழுந்த றோட்டு, இதுகளையெல்லாம் வடிவாய்ப் படிச்சு வைச்சிருப்பாய். படிச்ச பெடியன். ஆனால் உன்னட்டை மைக்கை நீட்டிறவன் குப்பை வாளியைப் பற்றிக் கேக்க மாட்டான், கொடியைப் பற்றித்தான் கேப்பான். எந்தக் கொடியெண்டு கேக்கிறியோ? அது நீ தட்டிற கதவைப் பொறுத்தது. வெள்ளைக்காரன் வீட்டிலை சிவப்புச் சிலுவை. எங்கடை ஆக்கள் வீட்டிலை புலி. சிங்களச் சனம் கதவைத் திறந்தால் சிங்கம். மூண்டு கதவுக்கும் மூண்டு விடை வேணும். மூண்டும் ஒரே விடை மாதிரியும் கிடக்க வேணும்.

ஊரிலை நானும் கொப்பரும் துலா மிதிச்சிருக்கிறம், உனக்குத் தெரியாது. இறைப்பு நேரம் ஒருத்தன் துலாவிலை ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பான். கிணத்துப் பக்கம் நடந்தால் பட்டை தாழும், மற்றப் பக்கம் நடந்தால் மேலை வரும். விடியக் காலமை ஏறினவன் வெய்யில் ஏறும் வரை மைல்கணக்கிலை நடந்திருப்பான். இறங்கேக்கை ஏறின இடத்திலைதான் இறங்குவான். இந்த நாட்டு அரசியல்வாதியள் கொடியைப் பற்றிக் கதைக்கிறதைக் கேக்கேக்கை எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வரும். குறையாய்ச் சொல்லேல்லை, கண்டியோ. துலா மிதிக்கிறது லேசான வேலையில்லை. கால் பிசகினால் கிணத்துக்கைதான்.

கால் பிசகின ஒரு ஆளைச் சொல்லுறன். எமிலி தோன்பெரி, இஸ்லிங்டன் பக்கத்து லேபர் எம்.பி. 2014 நவம்பர் 20, ரொசெஸ்டர் ஸ்ட்ரூட் இடைத்தேர்தல் நாள். வாக்குக் கேக்கப் போன மனுசி ஒரு வீட்டைப் படம் எடுத்து ட்விட்டரிலை போட்டா. வீட்டிலை மூண்டு ஜோர்ஜ் கொடி, அந்தச் சிவப்புச் சிலுவைதான், வாசலிலை ஒரு வெள்ளை வான். ரொசெஸ்டர் படம் எண்டதுக்கு மேலை ஒரு சொல் எழுதேல்லை. அவ்வளவுதான், பாமர சனத்தைப் பாத்து நக்கல் அடிக்கிறா எண்டு நாடே கிளம்பிச்சுது. அண்டைக்கு இரவே நிழல் அமைச்சரவைப் பதவி போச்சு. ஒண்டும் சொல்லாமல் வேலை போன அரசியல்வாதி எனக்குத் தெரிய அவ ஒராள்தான்.

அவவின்ரை தலைவர் எட் மிலிபாண்ட் என்ன செய்தார் தெரியுமோ? வெள்ளை வானைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றுமெண்டு கேட்டாங்கள். 'மரியாதை' எண்டார். நான் நல்லூர்த் தேரைக் கண்டு கும்பிட்டிருக்கிறன். வானைக் கண்டு கும்பிடுற ஆளை அண்டைக்குத்தான் கேள்விப்பட்டன்.

இதே எட்டின்ரை தமையன் டேவிட் மிலிபாண்டையும் உனக்குச் சொல்ல வேணும், ஏனெண்டால் அவற்றை கதையிலை நாங்களும் வாறம். 2009இலை வெளிவிவகார அமைச்சர் அவர்தான். வன்னியிலை குண்டு விழ விழ, இங்கை ஏப்ரல் 6ஆம் திகதி எங்கடை பெடியள் வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தை மறிச்சாங்கள். பிறகு யூன் நடுப்பகுதி வரை பாராளுமன்றச் சதுக்கத்திலை சனம் விலகேல்லை. ஏப்ரல் 11 ஊர்வலத்துக்கு ஒரு லட்சம் பேரெண்டு பொலிஸே சொன்னது. சில பேரிட்டை இருந்த புலிக்கொடியைப் பொலிஸ் பறிச்சது. கொழுத்த வெய்யிலிலையும் மழையிலையும் கிழவியள் குந்தியிருந்ததுகள். அமைச்சர் கொழும்புக்குப் பறந்தார், பிரான்ஸ் அமைச்சரையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் எங்களுக்காகத்தான் மனுசன் இந்தப் பாடுபடுகுதெண்டு நம்பினம்.

அடுத்த வருசம் விக்கிலீக்ஸ் ஒரு தந்தியை வெளியாலை விட்டது. அமெரிக்கத் தூதரகம் தன்ரை நாட்டுக்கு அனுப்பினது. பிரித்தானிய வெளிவிவகாரத் திணைக்களத்து அதிகாரி ஒருத்தர் அதிலை விளக்கஞ் சொல்லியிருக்கிறார்: தேர்தல் வருகுது, சொற்ப வாக்கிலை லேபர் வெண்ட தொகுதியளிலை தமிழர் கனபேர் இருக்கினம், அமைச்சரும் தன்ரை நேரத்திலை 60 வீதம் இப்ப இலங்கைக்குத்தான் போகுதெண்டு சொன்னவர். இதைக் கேட்டுக் கோவிக்கிற ஆக்கள் இருக்கினம். நான் கோவிக்கேல்லை. வாக்கில்லாட்டி அந்த 60 வீதம் ஆறு வீதமாய் இருந்திருக்கும். அந்த யூனிலை ஐரோப்பியத் தேர்தலிலை ஜனனி ஜனநாயகம் சுயேச்சையாய் லண்டனிலை நிண்டு 50,014 வாக்கு எடுத்தவ. வெல்லேல்லைத்தான். ஆனால் அந்த இலக்கத்தை எத்தினை கட்சி ஒஃபிசிலை ஒருத்தன் பேனாவாலை வட்டம் போட்டு வைச்சிருப்பான் எண்டு யோசி.

சரி, வெள்ளைக்காரன்ரை கொடிக்கு வாறன். 2021 மார்ச்சிலை றொபேட் ஜென்ரிக் எண்ட அமைச்சர் பி.பி.சி. காலை நிகழ்ச்சிக்கு வந்தார், முதுகுக்குப் பின்னாலை யூனியன் ஜாக். நிகழ்ச்சி நடத்தினவர், உங்கடை கொடி அரசாங்க அளவுக்குக் காணாது போலை கிடக்கு எண்டு பகிடி விட்டார். பகிடி விட்டவருக்குத்தான் பேச்சு விழுந்தது. ஒரு கிழமை போகேல்லை, அரசாங்கக் கட்டடமெல்லாத்திலையும் நாளாந்தம் கொடி பறக்க வேணுமெண்டு அறிவிப்பு. பிறகு 2025 ஓகஸ்ட், ஊர் ஊராய் றோட்டு விளக்குக் கம்பத்திலை கொடி கட்டிற இயக்கம் தொடங்கிச்சுது. அப்ப எதிர்க்கட்சியிலை இருந்த அதே ஜென்ரிக் ஏணி வைச்சு ஏறித் தானும் ஒண்டு கட்டினார். கழட்டிற கவுன்சிலுகள் பிரித்தானியாவை வெறுக்கிற கவுன்சிலுகளாம். பார், ஒரு மனுசன்ரை கொடி நாலு வருசத்திலை சுவரிலை இருந்து கம்பத்துக்குப் போட்டுது. இதுக்குப் பேர்தான் முன்னேற்றம்.

கழட்டின கவுன்சிலுகளிலை ஒண்டு எது? டவர் ஹாம்லெட்ஸ். அப்ப மேயர் லுத்ஃபுர் ரஹ்மான். அவரைப் பாவமெண்டுதான் சொல்லுவன். 2024 மார்ச்சிலை அதே கம்பங்களிலை பலஸ்தீனக் கொடி தொங்கினது. வழக்குப் போடுவமெண்டு வெருட்ட, தன்ரை வாக்காளருக்குப் பிடிக்காதெண்டு தெரிஞ்சும் இறக்கிறமெண்டு அறிவிச்சார். அடுத்த வருசம் சிலுவைக் கொடியை இறக்கேக்கை ஒருத்தருக்கும் அந்தப் பழைய கதை ஞாபகம் வரேல்லை. கன்சர்வேட்டிவ் தலைவி கெமி பேடனொக் வெக்கக்கேடு எண்டா. கம்பம் ஒண்டு, ஏணி ஒண்டு, கழட்டிற மனுசனும் அந்த மனுசனாய்த்தான் இருக்கும். கொடி மட்டும்தான் வேறை.

எங்கடை முடக்கிலையும் ஒண்டு கட்டியிருந்தாங்கள், சொன்னனானோ? நல்லாய்த்தான் கட்டினாங்கள். ரெண்டு மழைக்குப் பிறகு கீழ்ப் பக்கத்துக் கேபிள் டை அறுந்து, கொடி சுருண்டு, பார்க்கிங் நேரம் எழுதின பலகையைப் போய்ச் சுத்திக்கொண்டு நிண்டது. மாமி வாசிக்க ஏலாமல் காரை விட்டுட்டுப் போனா. திரும்பி வரேக்கை கண்ணாடியிலை ரிக்கற். கொடி சுத்தின படத்தோடை அப்பீல் எழுதினம். பலகை இருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணுமெண்டு பதில் வந்தது. இங்கிலாந்து நாட்டுப்பற்றுக்கு எங்கடை வீட்டாலையும் ஒரு பங்கு போயிருக்கு.

அந்தக் கொடி வெய்யிலிலை பழுப்படிச்சுத் தொங்கின நாளிலைதான் செப்டெம்பர் முதலாம் திகதி வந்தது. பிரதமர் ஸ்டார்மர் றேடியோவிலை, தனக்குக் கொடியெண்டால் நல்ல விருப்பம், தங்கடை வீட்டுக்குள்ளையும் ஜோர்ஜ் கொடி இருக்கு, ஆனால் பிரிவினைக்குப் பாவிச்சால் கொடிக்குத்தான் மதிப்புக்குறைவு எண்டார். முன்னுக்கு ரெண்டு அடி, பின்னுக்கு ரெண்டு அடி. அந்தக் கிழமையே உள்துறை அமைச்சர் இவெட் கூப்பரையும் கேட்டாங்கள். தன்னட்டை ஜோர்ஜ் தோரணம் கிடக்கு, யூனியன் ஜாக் தோரணம் கிடக்கு, யூனியன் ஜாக் மேசைத்துணியும் கிடக்கு, எங்கை வேணுமெண்டாலும் கட்டுங்கோ எண்டா. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. கொடியைக் கண்டு இல்லை, மருமோனே. உள்துறை அமைச்சரெண்டால் ஆர்? எந்தக் கொடியைப் பிடிச்சால் மறியல் எண்ட பட்டியல் அந்த மேசையிலைதான் கிடக்கு, அந்த மேசைத்துணிக்குப் பக்கத்திலை.

உனக்கொரு சட்டம் தெரியுமோ? இங்கிலாந்திலை எந்த நாட்டின்ரை தேசியக் கொடியையும் உன்ரை வளவுக்கை கம்பம் நட்டு, கவுன்சிலிட்டை அனுமதி கேளாமல் ஏத்தலாம். சின்னச் சின்ன நிபந்தனை இருக்கு, ஆனால் எந்த நாடெண்டாலும் சரி. தாராள மனசு. நாடு மட்டும் வேணும். அதுதானே எங்கடை பிரச்சினை.

எங்கடை ஆக்கள் கதவைத் திறந்து, 'தம்பி, அது இயக்கக் கொடியில்லை, தேசியக் கொடி' எண்டு தொடங்குவினம். தலையை ஆட்டு, ஆனால் வரலாறு தெரிஞ்சு ஆட்டு. 1977இலை மதுரையிலை நடராசன் எண்ட ஓவியர் கீறின சின்னம் அது. புலித்தலை, ரெண்டு துவக்கு, சுத்திவர 33 சன்னம். 1990 நவம்பரிலை விடுதலைப் புலியள் இயக்கத்தின்ரை பேர் எழுதியிருந்த எழுத்தை மட்டும் எடுத்துப்போட்டு மிச்சத்தைத் தேசியக் கொடியெண்டு அறிவிச்சவை. அதுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் முந்தி, ஒக்டோபர் கடைசியிலைதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தைச் சில மணித்தியாலத்துக்குள்ளை உடுத்த உடுப்போடை அதே இயக்கம் வெளியேத்தினது. பிள்ளையைக் குடுத்த தாய் அந்தக் கொடியைக் கண்டு அழுகிறா. சோனகத் தெருவிலை இருந்து துரத்தப்பட்டவன் அதே கொடியைக் கண்டு பல்லைக் கடிக்கிறான். ரெண்டு பேரும் நடிக்கேல்லை. இதை மேடையிலை ஏறிச் சொல்ல ஏலுமெண்டால் சொல்லு. நான் மேடை ஏறுறதில்லை, அதாலை சொல்லுறன்.

தடையின்ரை கதையையும் கேள், கட்சி எல்லாம் ஒண்டெண்டு சொன்னதுக்கு அத்தாட்சி. 2001இலை இயக்கத்தைத் தடைப்பட்டியலிலை போட்டது லேபர் அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ. 2020 ஒக்டோபரிலை மேன்முறையீட்டு ஆணையம், தடையைத் தொடர்ந்த முடிவு பிழைபட்டதெண்டு சொன்னது. எங்கடை பக்கம் வெடி கொளுத்தாத குறை. அப்ப உள்துறை பிரித்தி பட்டேல், கன்சர்வேட்டிவ். 2021 ஓகஸ்டிலை திரும்ப யோசிச்சுப்போட்டு, தடை இருக்கட்டும் எண்டா. 2024 யூனிலை அதே ஆணையமும் அந்த முடிவு சரியெண்டு அப்பீலைத் தள்ளிச்சுது. அடுத்த மாசம் லேபர் ஆட்சிக்கு வந்தது. பட்டியலிலை பேர் அப்பிடியே கிடந்தது. பொது இடத்திலை அந்தக் கொடியைச் சந்தேகம் வாற மாதிரிப் பிடிச்சால் ஆறு மாசம் வரை உள்ளை. நான் மனசிலை அப்பிடி நினைச்சுப் பிடிக்கேல்லை எண்டும் தப்ப ஏலாது. லண்டனிலை குர்திஷ் ஊர்வலமொண்டிலை கொடி பிடிச்ச வழக்கிலை 2022இலை உச்ச நீதிமன்றம் அதையும் தீர்த்து வைச்சிட்டுது.

இப்ப எங்கடை நிகழ்ச்சிக்கு வாற எம்.பி.மாரைக் கவனிச்சுப் பார், படிக்க நிறையக் கிடக்கு. மாலை போடுவிச்சுக்கொள்ளுவினம், வணக்கம் எண்டு தமிழிலை சொல்லுவினம், உங்கடை வலி எங்களுக்கு விளங்குதெண்டுவினம். படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கொடி தொங்கிற சுவருக்கு முதுகைக் குடுக்காமல் ஒரு பூச்சாடிப் பக்கம் மெல்ல அரக்குவினம். அந்த அரக்கலைப் பழகு. பேச்சு ஆரும் எழுதித் தருவாங்கள், அரக்கிறதை நீதான் செய்ய வேணும்.

மூண்டாவது கதவு சிங்கம். இதை நீ கவனமாய்க் கேக்க வேணும், ஏனெண்டால் அந்தச் சிங்கம் லண்டனிலை இருந்து போனது. செல்சியிலை ரோயல் ஹொஸ்பிட்டல் இருக்கெல்லே, சிவப்புக் கோட்டுப் போட்ட பழைய ஆமிக்காரக் கிழவர்மார் இருக்கிற இடம். 1815இலை கண்டியைப் பிடிச்ச வெள்ளைக்காரன் ராசாவின்ரை கொடியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கைதான் வைச்சிருந்தான், வெண்ட சாமான். ராசாவை வேலூருக்கு அனுப்பினான். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1832இலை அங்கையே செத்தார், பாலாத்தங்கரையிலை அடக்கம். ஈ. டபிள்யூ. பெரேராவும் டி. ஆர். விஜேவர்தனவும் செல்சியிலை கொடியைக் கண்டுபிடிச்சு, கண்டி விழுந்து நூறாவது வருசம், 1915இலை, தினமின பேப்பரிலை படம் போட, அப்பதான் சனத்துக்கே சிங்கத்தின்ரை முகம் தெரிஞ்சது.

அந்த ராசா ஆர்? நாயக்கர் வம்சம், வேர் மதுரை. புலியைக் கீறினவர் எந்த ஊர்? மதுரை. இதை எந்தப் பக்கத்து மேடையிலை சொன்னாலும் கைதட்டு விழாது, நான் சொல்லிப் பார்த்திட்டன்.

இன்னும் கேள். 1948 ஜனவரியிலை அந்தச் சிங்கக் கொடியைத்தான் சுதந்திர இலங்கையின்ரை கொடியாக்க வேணுமெண்டு பிரேரணை கொண்டு வந்தது ஒரு சிங்களவர் இல்லை. மட்டக்களப்பு எம்.பி. முதலியார் சின்னலெப்பை. தமிழ்ப் பக்கம் முறைப்புக் காட்ட, டி. எஸ். சேனநாயக்க அரசியல்வாதி செய்யிறதைச் செய்தார், குழு அமைச்சார். பண்டாரநாயக்க, ஜே. ஆர்., ஜி. ஜி. பொன்னம்பலம், செனற்றர் நடேசன் எல்லாரும் அதிலை. மூண்டு வருசம் இருந்து யோசிச்சு 1951இலை ரெண்டு கோடு போட்டினம், செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிமுக்கு. கோடு ரெண்டும் சிங்கத்தின்ரை கட்டத்துக்கு வெளியாலை. நடேசன் மாட்டன் எண்டிட்டார், மற்றவை ஒத்துக்கொண்டினம். அடுத்தமுறை அந்தக் கொடியைக் காணேக்கை சிங்கம் எந்தப் பக்கம் பாக்குதெண்டு பார். கோட்டுப் பக்கம்தான் பாக்குது, கையிலை வாள்.

இதைப் பாத்திட்டு, நடுவிலை நிக்கிறது பிழையெண்டு முடிவெடுத்திடாதை. பெல்பாஸ்டைக் கேட்டுப் பார். நகர மண்டபத்திலை யூனியன் ஜாக் வருசம் முழுக்கப் பறக்க வேணுமெண்டு ஒரு பக்கம், பறக்கவே கூடாதெண்டு மற்றப் பக்கம். 2012 டிசெம்பரிலை அலையன்ஸ் கட்சி நடுவாலை வந்து, குறிச்ச நாளிலை மட்டும் பறக்கட்டும் எண்டுது. 29க்கு 21, நிறைவேறிச்சுது. மாசக்கணக்கிலை கலவரம். அடியும் நெருப்பும் விழுந்தது ஆற்றை கந்தோரிலை? அலையன்ஸின்ரை கந்தோரிலை.

அப்ப என்ன சொல்லுறதெண்டு கேப்பாய். உனக்கு என்ன அதிகாரமெண்டு முதல் பார். தடைப்பட்டியல் உன்ரை கையிலை இல்லை. சிங்கத்தைத் திருப்பிவிடவும் உன்னாலை ஏலாது. விளக்குக் கம்பம் மட்டும்தான் உன்ரை கையிலை, அதுவும் கவுன்சிலர்மார் எல்லாரோடையும் பங்கு. கொடி கேட்டால் ஏணியைச் சொல்லு. ஆற்றை ஏணி, ஏறினவன் விழுந்தால் ஆர் பொறுப்பு, கழட்டிற செலவு எவ்வளவு, பலகையை மறைச்சால் ரிக்கற் ஆருக்கு. நாலு நிமிசம் ஏணியைப் பற்றிக் கதைச்சால் மைக் பிடிச்சவனுக்கே கொட்டாவி வரும். விடாமல் நிண்டு கேட்டால், எல்லாக் கொடிக்கும் ஒரே விதி எண்டு சொல்லு. சிலுவைக்கும் பலஸ்தீனுக்கும் அதுதான், சிங்கத்துக்கும் அதுதான். நாலு வீட்டாலையும் ஏச்சு விழும். விழட்டும், அலவன்ஸ் தாறாங்கள்தானே.

நவம்பரிலை மாவீரர் நாளுக்கு உன்னை எக்ஸெல் மண்டபத்துக்கு விளக்குக் கொளுத்தக் கூப்பிட்டால் போ. போகாட்டிக் கொம்மா சோறு போட மாட்டா. உன்ரை சித்தப்பன்ரை படமும் அங்கை அடுக்கிலை இருக்கும், அதுக்கு முன்னாலை நிண்டு கொளுத்து. அந்த இடத்திலை ஒருத்தரும் உன்னட்டைக் கொடி கேக்க மாட்டினம். வெளியாலை வரேக்கைதான் கேப்பினம்.

கடைசியாய் ஒரு அலுவல். துண்டுப் பிரசுரத்துக்குப் படம் எடுக்க எங்கடை வீட்டு முன்னறை வெளிச்சமெண்டு மாமியிட்டைக் கேட்டிருக்கிறாய். வேண்டாம், உங்கடை குசினியிலை எடு. எங்கடை சுவரிலை என்ன கலண்டர் தொங்குதெண்டு உனக்குத் தெரியும். அதைக் கழட்டிறதுக்கு மாமி இன்னும் ஓம்படேல்லை. நானும் கேக்கேல்லை.